சவ்வின் முதுகுப்பக்கம்

(இசை ரசிகர்கள் கூடிய அவையில் ஒலிப்பதிவாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் நிர்வாகிகளிடம் ஓர் உதவி கேட்டேன். அரங்கின் மின்விசிறிகளை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார்கள். இப்போது என்னவெல்லாம் கேட்கிறது என்று கவனியுங்கள். மேடை விளக்கின் சோக் லேசாக முரலுகிறது. வெளியே ஓர் ஆட்டோ கியர் மாற்றுகிறது. நான்காவது வரிசையில் ஓர் அம்மா அழைப்பிதழால் விசிறிக்கொள்ளும் சத்தம் மேடைவரை வருகிறது. சற்று முன்பும் இவையெல்லாம் இருந்தன. விசிறிச் சத்தம் அவற்றை மூடி வைத்திருந்தது. சரி, விசிறியைப் போட்டுவிடுங்கள். உங்களை வேர்க்க வைத்துப் பேச எனக்கு மனம் வராது.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் மேடையோரம் வந்து நிற்பார். "சார், வீட்ல ராத்திரி கேட்கறதுக்கு நல்ல ஹெட்போன் ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார். முன்பெல்லாம் ஒரு மாடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். எந்த அறையில் உட்கார்ந்து கேட்பீர்கள்? அங்கே விசிறி எந்த வேகத்தில் ஓடும்? பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள்? எதில் செருகிக் கேட்பீர்கள்? இந்த விவரம் தெரியாமல் சொல்லும் பெயர் யாருக்கும் உதவாது. சபையில் இருப்பவர்களில் பலருக்கு என்னிடம் ஏற்கனவே அரைகுறைப் பதில் கிடைத்திருக்கும். இன்று முழுப் பதிலைச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் இடைவெளியில் முன்னும் பின்னும் ஆட, சவ்வும் ஆடுகிறது. சவ்வு காதை நோக்கி நகரும்போது முன்னால் காற்று நெருங்குகிறது, அதே நொடியில் பின்னால் காற்று விரிகிறது. எனவே ஒவ்வொரு சவ்வும் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. ஒன்று உங்களுக்கு. இன்னொன்று அதன் முதுகுப்பக்கம் போகிறது. நீங்கள் கடையில் பார்க்கும் க்ளோஸ்டு, செமி ஓபன், ஓபன் என்ற மூன்று பெயர்களும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள்: முதுகுப்பக்கம் போகும் அந்த ஒலியை என்ன செய்வது?

க்ளோஸ்டு ஹெட்போனில் அதை ஒரு கிண்ணத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட ஒலி சும்மா இருக்காது. கிண்ணத்தின் சுவரில் மோதி, சவ்வின் வழியாகவே மறுபடி காதுக்கு வருகிறது. ஒரு தவலைக்குள் தலையை விட்டுப் பேசிப் பாருங்கள். குரலில் ஏறும் அந்தப் பூச்சுதான் அது. நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளே பஞ்சு வைத்து, வடிவத்தை மாற்றி, இதைப் பெருமளவு அடக்கிவிடுவார்கள். முழுக்க அடக்குவது கடினம்.

ஓபன் ஹெட்போனில் அந்த ஒலியை வெளியே விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் வெறும் வலைதான். இது இன்றைக்கு எளிதாகத் தோன்றலாம். ஆனால் 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை இசை கேட்பதற்கென்று விற்கத் தொடங்கியபோதும், அதற்குப் பத்தாண்டு பின்னும், ஹெட்போன் என்றாலே காதை இறுக மூடும் கனமான பொருள்தான். ஜெர்மனியில் ஹனோவருக்கு அருகே வென்னபோஸ்டல் என்ற சிற்றூரில் இயங்கிய சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் எச்.டி. 414 என்ற மாடலை வெளியிட்டது. சிறிய சட்டம், மஞ்சள் நிற நுரைப்பஞ்சு, காதின் மேல் சும்மா வந்து உட்காரும். பின்பக்கம் திறந்திருந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது அந்த மாடல். காதை மூடாமலும் இசை கேட்கலாம் என்று உலகம் அதில்தான் கற்றுக்கொண்டது.

திறந்து வைத்ததால் என்ன கிடைக்கிறது என்பதை நான் சொல்வதைவிட நீங்கள் கேட்பதே மேல். மேஜையில் மூன்று ஹெட்போன்கள் வைத்திருக்கிறேன். முதலாவது சென்ஹைசர் எச்.டி. 600. 1997-இல் வந்தது, முழு ஓபன். அடுத்தது பேயர்டைனமிக் டி.டி. 880, ஜெர்மனியின் ஹைல்பிரான் ஊர்த் தயாரிப்பு, செமி ஓபன் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். மூன்றாவது ஏ.கே.ஜி. கே 240 ஸ்டுடியோ. இதுவும் செமி ஓபன். வியன்னாவில் பிறந்த குடும்பம்.

பேச்சு முடிந்ததும் மேலே வந்து ஒவ்வொன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல ஹெட்போனின் வெளிப்புறத்தின் மேல் கொண்டுவந்து மூடுங்கள். க்ளோஸ்டு ஹெட்போனில் ஒன்றும் மாறாது. எச்.டி. 600-இல் கை நெருங்கும்போதே பாடகர் ஒரு சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டது போலக் குரல் மாறும். கையை எடுத்தால் மறுபடி வெளியே வந்துவிடுவார். எந்தக் கடையிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், காசு ஆகாது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் ஹெட்போன் எவ்வளவு திறந்தது என்பதை உங்கள் கை சொல்லிவிடும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், செமி ஓபன் என்ற சொல்லுக்குத் தரப்படுத்திய அளவு கிடையாது. இத்தனை சதவீதம் திறந்திருந்தால் செமி ஓபன் என்று யாரும் வரையறுக்கவில்லை. அது தயாரிப்பாளர் வைக்கும் பெயர். டி.டி. 880-ஐக் கை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஓபன் போலத்தான் நடந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு நன்றாகவே கேட்கும். கே 240 வேறு மாதிரி. அதன் பின்பக்கம் பெரும்பாலும் மூடிய வட்டம், சுற்றிலும் காற்று போகச் சின்ன வழிகள். ஏ.கே.ஜி. 1970-களில் கொண்டுவந்த பழைய கே 240-இல் நடுச் சவ்வைச் சுற்றி ஆறு சிறு துணைச் சவ்வுகள் இருந்தன. அவற்றுக்கு மின்சாரம் போகாது. காற்றின் அழுத்தத்தில் தாமாக அசைந்து அடிச் சுரத்துக்குக் கைகொடுத்தன. அதனால்தான் அந்த மாடலை ரசிகர்கள் செக்ஸ்டெட், அதாவது அறுவர் குழு என்று இன்றும் அழைக்கிறார்கள். ஒரு பொறியாளர் காற்றோடு எவ்வளவு பொறுமையாகப் பேச முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வியன்னாத் தொழிற்கூடம் 2017-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் சிலர் அதே நகரில் ஆஸ்ட்ரியன் ஆடியோ என்று புதிதாகத் தொடங்கினார்கள். கே 240 இப்போது சீனாவிலிருந்து வருகிறது.

செமி ஓபனால் என்ன லாபம்? பின்பக்கக் காற்றுக்கு அளவான தடை இருந்தால் சவ்வின் ஆட்டம் கட்டுக்குள் இருக்கும். அடிச் சுரங்களைத் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி ஏற்றி இறக்க இன்னொரு பிடி கிடைக்கிறது. முழு ஓபனில் பெரும்பாலும் அடி மெலிந்துதான் இருக்கும். வெல்வெட் குஷன் வழியாகவும், தலைமுடியும் கண்ணாடிக் காம்பும் விட்ட இடுக்கு வழியாகவும் காற்று நழுவி, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். எச்.டி. 600-இல் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கம் நன்றாகத் தெரியும்.

இது நம் இசைக்கு எவ்வளவு முக்கியம்? இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து நடுவில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்து எடுத்து, மறுபடி தட்டிப் பார்ப்பார்கள் பக்கவாத்தியக்காரர்கள். அந்தத் தொப்பியின் கும்கி, மணிக்கட்டு தோலின் மேல் வழுக்கிப் போகும்போது சுரம் மேலேறும் அந்த நாதம், 100 ஹெர்ட்ஸைச் சுற்றி நடக்கும் விஷயம். அங்கே எச்.டி. 600-க்குக் குறை எதுவும் இல்லை. சினிமாப் பாட்டில் சிந்தசைஸர் கொடுக்கும், அதற்கும் கீழான அடி கர்நாடகக் கச்சேரியில் கிடையாது. எனவே ஓபனில் அடி போதாது என்று யாராவது சொன்னால், எந்த இசைக்கு என்று கேளுங்கள்.

வலந்தலையில் நடுவே கருப்பாக இருக்கும் சாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணத் தோல் முழவின் மேற்சுரங்கள் ஒழுங்கற்று இருக்கும். சாதம் இடுவதால் அவை ஒத்திசை வரிசையில் வந்து உட்கார்ந்து, சுருதியோடு சேருகின்றன. சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். அடுத்த ஆண்டே வீணை, தம்புரா பற்றியும் ஒரு கட்டுரை வந்தது. தம்புராவின் குதிரையில் ஒரு நூலிழை வைத்தால் தந்தி தொட்டும் தொடாமலும் அதிர்ந்து மேற்சுரங்களைக் கொட்டுவதை அவர் ஆராய்ந்தார். நான் ஹெட்போனைச் சோதிக்கும்போது பாட்டைப் போடுவதே இல்லை. தனித் தம்புராவை இரண்டு நிமிடம் போடுவேன். பஞ்சமத் தந்தியை மீட்டியதும் அதற்குள்ளிருந்து ஒவ்வொரு சுரமாக எழுந்து ஒளிர்ந்து மறைவது தெரிய வேண்டும். கிண்ணத்தின் பூச்சு இருந்தால் அந்த மேற்சுரங்களில் ஒன்றிரண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஓபனும் நல்ல செமி ஓபனும் இங்கேதான் தங்கள் மதிப்பைக் காட்டுகின்றன.

ஆனால் விசிறியை மறந்துவிடக் கூடாது. பின்பக்கம் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போவது போலவே, வெளியே இருப்பது உள்ளே வரும். ஓபன் ஹெட்போன் பிறந்தது கண்ணாடி சன்னல் மூடிய, விசிறி இல்லாத குளிர்நாட்டு அறைகளில். நம் வீட்டில் ஏப்ரல் மாதம் விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு, சன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, ஓபனில் தம்புராவைக் கேட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தை விசிறி கொண்டுபோய்விடும். உடனே கை வால்யூமுக்குப் போகும். அதுதான் ஆபத்து; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. க்ளோஸ்டு ஹெட்போனின் செயற்கைத் தோல் குஷனை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டிருங்கள். காதைச் சுற்றி வேர்வை கோத்து நிற்கும். இரண்டு கோடை தாண்டினால் அந்தத் தோல் உரிந்து கருந்துகள் கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் குஷனும் திறந்த முதுகும் கொண்ட ஹெட்போனில் இரண்டு மணி நேர ராகம் தானம் பல்லவியை முழுசாக உட்கார்ந்து கேட்க முடிகிறது. எனவே என் முடிவு இது: விசிறியை ஒன்றில் வைக்க முடிகிற அறையோ, இரவு பதினொரு மணிக்கு மேல் அடங்கிவிடும் தெருவோ இருந்தால் ஓபன் வாங்குங்கள். பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் இருந்தால், அவர் தூக்கம் இலேசானது என்றால், கே 240 போல நிஜமாகவே பாதி மூடிய செமி ஓபன். பேருந்துச் சாலையோரம் வீடு என்றால் இரண்டும் வேண்டாம்.

செமி ஓபன் வாங்கினால் ஒலி கசியாது என்று நம்பி நானே ஒரு தவறு செய்தேன். சொல்லியே ஆக வேண்டும். ஒரு பாடகியின் ஒலிப்பதிவு. சின்ன அறை. மின்னணுப் பெட்டித் தம்புராவின் சத்தத்தை அவருடைய ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பி, குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். க்ளோஸ்டு போட்டால் தன் குரல் தனக்கே அடைத்த மாதிரி இருக்கிறது என்றார். செமி ஓபன் ஒன்றைக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது, அழகாகப் பாடினார். ஒரு வாரம் கழித்து, பெட்டித் தம்புராவை எடுத்துவிட்டு நிஜத் தம்புராவைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சேர்த்ததும் இரண்டு சுருதிகளும் ஒன்றோடொன்று உரசி, மெதுவாக அலையடித்தன. குரல் மைக்கில், அவர் கன்னத்துக்கும் குஷனுக்கும் இடையிலும் கப்பின் முதுகிலிருந்தும் கசிந்த பழைய தம்புரா, மெலிதாக, ஆனால் ஒவ்வொரு மூச்சு இடைவெளியிலும் இருந்தது. எடுக்க வழியே இல்லை. அவரை மறுபடி அழைத்துப் பாட வைத்தோம். முதல் நாள் பாடிய அந்தப் பிலஹரி ராகம் இரண்டாம் நாள் வரவில்லை. மைக்குக்கு முன்னால் ஓபனும் கூடாது, செமி ஓபனும் கூடாது என்பதை அன்று கற்றேன்.

இனி ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். இங்கேதான் மக்களை நிறையப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓம் எண் பெரிதாக இருந்தால் பெரிய ஆம்ப் வேண்டும், சிறிதாக இருந்தால் ஃபோனே போதும் என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. பாதி உண்மைதான் அது.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் தரும் தடை, ஓமில். இன்னொன்று சென்சிடிவிட்டி, 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. டி.டி. 880-இன் 250 ஓம் மாடலுக்கு அது 96 டெசிபெல். 55 ஓம் கே 240 ஸ்டுடியோவுக்கு 91. இப்போது ஒரு ஃபோனோ சிறு டாங்கிளோ முழு வால்யூமில் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; பல கருவிகள் அரை வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரைதான் தரும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 250 ஓமுக்கு 1 வோல்ட் என்றால் 4 மில்லிவாட். அது 96-க்கு மேல் 6 டெசிபெல், ஆக 102. 55 ஓமுக்கு 1 வோல்ட் என்றால் 18 மில்லிவாட். 91-க்கு மேல் ஏறத்தாழ 12 அல்லது 13, ஆக 103 சொச்சம். பார்த்தீர்களா? ஓட்டவே முடியாது என்று பயமுறுத்தும் 250 ஓமும், சுலபம் என்று விற்கும் 55 ஓமும் ஒரே ஃபோனில் கிட்டத்தட்ட ஒரே சத்தம். முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்துத் திரும்பப் போட்டேன்.

இன்னும் ஓர் உதாரணம். ஹைஃபைமேன் எச்.இ. 6 என்று ஒரு பிளேனார் ஹெட்போன், அதாவது தனிச் சுருளுக்குப் பதில் தட்டைச் சவ்வின் மேலேயே மின்தடம் படிந்த வகை. வெறும் 50 ஓம். ஆனால் சென்சிடிவிட்டி 83.5 டெசிபெல். உச்சத்தில் 110 டெசிபெல் தொட வேண்டுமானால் சுமார் 450 மில்லிவாட் கேட்கும், ஏறத்தாழ 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். 250 ஓம் டி.டி. 880-க்கு அதே 110-ஐத் தொட 25 மில்லிவாட், 2.5 வோல்ட், 10 மில்லிஆம்பியர் போதும். ஓம் குறைந்த ஹெட்போன்தான் இங்கே பெரும் தீனிக்காரன். ஓமை மட்டும் பார்ப்பது ஒருவரின் உயரத்தை வைத்துப் பசியைக் கணிப்பது போல.

அப்படியானால் 102 டெசிபெல் தரும் ஃபோன் போதாதா, ஆம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் போதும். நம் பழைய கச்சேரிப் பதிவுகளுக்குப் போதாது. ஸ்பூல் டேப்பிலும் காசெட்டிலும் ரசிகர்கள் பத்திரப்படுத்தி, பின்னாளில் கணினியில் ஏற்றிய பதிவுகள் பலவும் மிகத் தாழ்ந்த அளவில் இருக்கின்றன. உச்சமே முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும். ஆக 102 என்பது 90 ஆகிவிட்டது. அதுவும் தனி ஆவர்த்தனத்தில் வரும் உச்சம். ஆலாபனையின் சராசரி அதற்கும் 20 டெசிபெல் கீழே. விசிறி ஓடும் அறையில் அது காணாது. அரை வோல்ட் டாங்கிள் என்றால் இன்னும் 6 டெசிபெல் போய்விடும். வால்யூமை முழுக்க வைத்தும் பெரியவர் பாட்டு எட்டாத் தொலைவிலேயே இருக்கிறது என்று சொல்வீர்கள். அங்கேதான் ஆம்ப்புக்கு வேலை. இரண்டு, மூன்று வோல்ட் சுத்தமாகக் கொடுத்தால் போதும். அவ்வளவுதான் நம் தேவை.

ஆம்ப் பெட்டியில் 32 ஓமில் 500 மில்லிவாட் என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம், மயங்கவும் வேண்டாம். 500 மில்லிவாட்டை 32 ஓமில் தருவதற்கு 4 வோல்ட் வேண்டும். அதே 4 வோல்ட் 250 ஓமில் 64 மில்லிவாட்தான். ஆனாலும் டி.டி. 880-இல் அது 114 டெசிபெல். யாரும் கேட்கக் கூடாத சத்தம்.

அடுத்து, பலரும் கவனிக்காத மூன்றாவது எண்: ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ். ஆம்ப்புக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அதுவும் ஹெட்போனும் வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹெட்போனின் இம்பிடன்ஸ் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை, சத்தம் மட்டும் குறையும். ஆனால் சுருளும் சவ்வும் கொண்ட ஹெட்போனில் சவ்வு இயல்பாக அதிர விரும்பும் அடிச் சுரத்தில் இம்பிடன்ஸ் மலைபோல் ஏறும். 300 ஓம் எச்.டி. 600, 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓமைத் தாண்டுகிறது. அங்கே பங்கு அதிகம் கிடைக்கும், அடி வீங்கும். எவ்வளவு? ஆம்ப்பின் தடை 120 ஓம் என்றால், வீக்கம் 1 டெசிபெல் அளவு. கவனித்தால் தெரியும், கெடுதல் இல்லை. சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். வால்வு ஆம்ப்போடு 300 ஓம் ஹெட்போனைச் சேர்த்தால் மிருதங்கம் கொஞ்சம் சதைபோடுவதாகச் சொல்கிறார்களே, அதில் பெரும் பங்கு இந்தக் கணக்குதான்.

அதே 120 ஓமில் ஒரு 32 ஓம் ஹெட்போனைச் செருகுங்கள். அதன் இம்பிடன்ஸ் அடிச் சுரத்தில் 80 ஓமுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வீக்கம் 5 டெசிபெல்லைத் தாண்டிவிடும். தொப்பி எல்லா இடத்திலும் வழியும், பாடகரின் கீழ்ஸ்தாயி குழகுழவென்று ஆகும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களில் ஸ்பீக்கர் இணைப்பிலிருந்து சில நூறு ஓம் ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் ஓட்டைக்குக் கொடுத்திருப்பார்கள். அதில் 32 ஓமைச் செருகிவிட்டு ஹெட்போனைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்பின் தடை இருக்கட்டும் என்பது நல்ல வழிகாட்டி. 32 ஓமுக்கு 4 ஓம். இன்றைய ஆம்ப்புகள் பலவும் 1 ஓம் சுற்றித்தான் இருக்கின்றன. பிளேனார் ஹெட்போன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் இம்பிடன்ஸ் சமதளம்.

600 ஓம் மாடல்கள் ஏன் இன்னும் கிடைக்கின்றன என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். தொலைபேசி காலத்து மரபு அது. 600 ஓமில் 1 மில்லிவாட், அதாவது 0.775 வோல்ட், வானொலிக்காரர்களுக்கு அடிப்படை அளவாக இருந்தது. ஒரே வெளியீட்டில் பத்து ஹெட்போன்களைப் பக்கம் பக்கமாக இணைத்தாலும் மொத்தம் 60 ஓம், ஆம்ப் தளராது. வீட்டில் தனியாகக் கேட்பவருக்கு அந்த அவசியம் இல்லை. டி.டி. 880 வாங்குகிறவர்கள் 250-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்புக்கு எவ்வளவு செலவு செய்வது? 2011-இல், தன் பெயரைக் கடைசிவரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ-2 என்ற ஹெட்போன் ஆம்ப்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். சாதாரணப் பாகங்கள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி. பத்து மடங்கு விலையுள்ள கருவிகளிலிருந்து அதைக் காதால் பிரித்தறிய முடியாது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரென்று இன்றும் தெரியாது. அவருக்குப் பின் விலை குறைந்த நல்ல ஆம்ப்புகள் நிறைய வந்துவிட்டன. கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கை ஹெட்போனுக்குக் கொடுங்கள். ஹெட்போனுக்கு ஹெட்போன் தெரியும் வித்தியாசத்தை எந்த வீட்டிலும் யாரும் கேட்கலாம். இரண்டு ஒழுங்கான ஆம்ப்புகளுக்கு இடையே, சத்தத்தைச் சமமாக வைத்துவிட்டால், எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை. சத்தம் அரை டெசிபெல் ஏறியிருப்பதுதான் பெரும்பாலும் நல்ல ஆம்ப் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது.

ஆம்ப் வாங்கினால் கெயின் ஸ்விட்சைத் தாழ்வில் வைத்துத் தொடங்குங்கள். உயர்வில் வைத்தால் வால்யூம் குமிழைத் தொட்டதுமே சத்தம் பாயும். குமிழின் ஆரம்பக் கோடியில் இடதும் வலதும் பல ஆம்ப்புகளில் சமமாக இருக்காது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். குமிழ் நடு நிலையைச் சுற்றி நிற்கும்போது நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தம் வந்தால் பொருத்தம் சரி.

வால்யூமைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. விசிறியை மிஞ்சுவதற்காக 9 டெசிபெல் ஏற்றியவர், வாரத்தில் இரண்டு முழுக் கச்சேரிக்கு மேல் கேட்கக் கூடாது என்று அர்த்தம். காது வலிக்காது, அதுதான் கொடுமை. பத்து வருடம் கழித்து தம்புராவின் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், போனது தெரியவும் தெரியாது. என்னோடு வேலை செய்த இருவருக்கு அப்படி ஆனது. அவர்கள் இன்று மிக்ஸ் செய்யும்போது ஜாலராவை அளவுக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்து நான் இறக்கச் சொல்கிறேன். தயவுசெய்து விசிறியை ஒன்று குறையுங்கள், வால்யூமை ஏற்றாதீர்கள்.

இப்போது மேலே வாருங்கள். இடப்பக்கப் படியில் ஏறி வலப்பக்கம் இறங்கினால் நெரிசல் இருக்காது. கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம் கேளுங்கள். அடி எங்கே போகிறது என்று தெரியும். மூன்று ஹெட்போன்களிலும் ஒரே பாட்டு தம்புராவோடு ஓடுகிறது, ஜி சுருதி. ஒருவர் கழற்றும்போது குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள். உள்ளங்கையை இப்படிக் குவித்து, மெதுவாக. ஆமாம், அங்கேதான். இப்போது எடுங்கள்.